மொட்டைமாடியில் ஒரு நவநாள்

அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு வீட்டிலேயே கறிக்குப் புகை போடுவது என்று ஹெர்பர்ட் முடிவெடுத்தார். முடிவெடுத்தார் என்றால், மனதுக்குள். வாய்விட்டு முடிவெடுக்கும் உரிமை அந்த வீட்டில் அவருக்குக் கிடையாது. அது பீரோச் சாவியோடும் ரேடியோவோடும் சேர்ந்து அவர் மனைவி ஜோசபினிடம் இருந்தது.

கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் ஹெர்பர்ட் ஓர் ஆள். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. எந்த விறகு எப்படிப் புகையும், காற்று திரும்பினால் எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஷீட்டுகளுக்கு நடுவே காட்டுப்பன்றித் தொடை ஒன்றும் தொங்கும். மேனேஜருக்குத் தெரியாமல்தான். மேனேஜருக்கும் ஒரு துண்டு போகும் என்பது வேறு விஷயம். அந்தக் கறிக்காகவே தோட்டத்தில் அவருக்கு வணக்கம் சொன்னவர்கள் உண்டு.

பிறகு கம்பெனி கொட்டகையை இழுத்து மூடியது. ஹெர்பர்ட் கூலிம் டவுனில் ஒரு ஃபிளாட்டின் நாலாம் மாடிக்குக் குடிவந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஒரே புகை கொசுவத்திப் புகை. அதையும் ஜோசபின்தான் கொளுத்துவாள்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மச்சான் பெர்னார்ட். ஜோசபினின் அண்ணன். வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்குப் பினாங்கிலிருந்து வருவார். போன வருஷம் வந்தவர் ஒரு டின் கறியை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"மச்சான், கொட்டகைதான் போயிருச்சே. இனிமே உங்களுக்கு டின்னுதான் லா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜோசபினும் சிரித்தாள். அந்த டின் கறி ஹெர்பர்ட்டின் தொண்டையை விட்டு ஒரு வருஷமாக இறங்கவில்லை. இந்த வருஷம் தான் புகை போட்ட கறியைப் பெர்னார்ட் தின்று, "மச்சான், உங்க கைக்கு ஈடே கிடையாது" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் ஆண்டவனிடம் கேட்டது அவ்வளவுதான்.

கீழ் மாடி முழுக்க மலாய் முஸ்லிம் குடும்பங்கள் என்பதால் காட்டுப்பன்றி வேண்டாம் என்று இரண்டு ஆட்டுத் தொடை வாங்கினார். உப்பும் மிளகும் தேய்த்து ஊறவைத்தார். பெரிய சதுரப் பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்தார். தோட்டத்திலிருந்து ரப்பர் விறகுச் சிராயும் தேங்காய் மட்டையும் வந்து சேர்ந்தன. ஜோசபின் பாசாருக்குப் போன நேரம் பார்த்துச் சமையலறையில் பற்ற வைத்தார்.

கொட்டகையில் புகை மேலே போகும். இங்கே மேலே போக வழியில்லை. ஆகவே அது வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. கூடத்துக்குப் போனது. படுக்கையறைக்குப் போனது. பீரோவுக்குள் நுழைந்து சேலை சேலையாகப் புரட்டியது. கடைசியில் கதவிடுக்கு வழியாக மூன்றாம் மாடிக்கு இறங்கியது. ஃபிளாட்டுக்கு ஜாகா பார்க்கும் காவல்காரன் இருளப்பன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். புகையில் நெருப்பு தெரியவில்லை. ஹெர்பர்ட் தெரிந்தார். அவர்மேல் ஊற்றினான்.

சொட்டச் சொட்ட நின்றவரைப் பார்த்தபடி ஜோசபின் பாசார் கூடையோடு வாசலில் நின்றாள்.

"என்னாங்க இது?"

"கறிக்குப் புகை போட்டேன், ஜோசி."

"கறிக்கா போட்டீங்க? என் கல்யாணச் சேலைக்கில்ல போட்டிருக்கீங்க!"

"காத்துல போட்டா வாசம் போயிரும்."

"முப்பது வருஷமா உங்க மேல அடிக்கிற ரப்பர் வாசமே இன்னும் போகல. இதா போகப்போவுது? இன்னொரு தடவ இந்த வீட்டுக்குள்ள புகை வந்துச்சு, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அந்தக் கறிய யாருக்காச்சும் கொடுத்துத் தொலைங்க!"

ஹெர்பர்ட் தலையாட்டினார். தலையாட்டும்போதே ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள்ள. அப்படித்தானே சொன்னாள்? மொட்டைமாடி வீட்டுக்குள் இல்லையே!

ஆனால் தினமும் மொட்டைமாடிக்குப் போக ஒரு காரணம் வேண்டும். ஜோசபினுக்குத் தெரியாமல் அவர் தும்மியதுகூட இல்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தபோது சுவரில் தொங்கிய கோயில் காலண்டர் கண்ணில் பட்டது. கிறிஸ்துமசுக்குச் சரியாக ஒன்பது நாள் இருந்தது. கறிக்கும் அவ்வளவு நாள் புகை வேண்டும். ஆண்டவரே வழி காட்டிவிட்டார் என்று நினைத்தார். பாவம், ஆண்டவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"ஜோசி, நான் அந்தோனியாருக்கு நவநாள் இருக்கலாம்னு பாக்குறேன். மொட்டைமாடியில. தனியா."

மீன் அரிந்துகொண்டிருந்த ஜோசபின் கத்தியைக் கீழே வைத்தாள். ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கும்போது தூங்கி, அது முடியும்போது ஆமென் சொல்லி எழுந்திருப்பவர் பேசுகிற பேச்சா இது?

"நீங்களா?"

"ஏன், நான் ஞானஸ்நானம் வாங்கலயா?"

"எதுக்கு நவநாளு?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. திருதிருவென்று விழித்தவரின் பார்வை அவள் முழங்காலில் பூசியிருந்த தைலத்தில் போய் நின்றது.

"உன் முட்டிவலி தீரணும்னுதான்."

ஜோசபினின் கண் கலங்கிவிட்டது.

"முப்பது வருஷத்துல எனக்குன்னு நீங்க ஒன்னு வேண்டிக்கிறது இதாங்க மொத தடவ."

ஹெர்பர்ட்டுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதற்குள் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சுத்தபோசனம் இருப்பீங்கதானே?"

"சுத்தபோசனமா?"

"கறி மீன் தொடக் கூடாது."

"சுத்தபோசனத்துக்கு மீன் சாப்பிடலாமே!"

"அது வெள்ளிக்கிழமைக்கு. இது நேர்த்தி. என் முட்டிவலி தீர்ற வரைக்கும் வாயில வைக்கக் கூடாது."

"எப்ப தீரும்?"

"நம்பிக்கையோட வேண்டுனா ஒன்பது நாள்ல தீந்துரும்."

ஹெர்பர்ட் கணக்குப் போட்டார். ஒன்பது நாள் முடிந்தால் கிறிஸ்துமஸ். பருப்பும் கீரையும் தின்று ஒன்பது நாளைத் தள்ளிவிடலாம். சரி என்றார். அன்றைய மீன் குழம்பு அவர் மூக்கோடு நின்றது.

மொட்டைமாடிச் சாவி இருளப்பனிடம் இருந்தது. அவன் டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னாண்ணே, ஜெபம் பண்ண பிஸ்கட் டின்னா?"

"பீடம்டா அது. யார்கிட்டயும் மூச்சு விடாத. உனக்கும் ஒரு துண்டு உண்டு."

"சத்தியமாச் சொல்ல மாட்டேண்ணே!"

மாலையானால் ஹெர்பர்ட் செபமாலையோடும் அந்தோனியார் சொரூபத்தோடும் மேலே போவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டின்னை வைத்து, தீ எழும்பாமல் மட்டையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுப் புகையை மட்டும் எழுப்புவார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருக்குத் தான் யாரென்று ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் வந்தது. கொஞ்சம் புகையாலும் வந்தது.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. பக்கத்து வீட்டு அகத்தா ஒருநாள் மாலை கோயில் மாதர் சபையையே கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் ஹெர்பர்ட் அலறியடித்துக்கொண்டு அந்தோனியார் சொரூபத்தைத் தூக்கி டின்மேல் வைத்தார்.

"அண்ணே, பொண்டாட்டி முட்டிக்காக நவநாள் இருக்கிற மனுசன இந்தக் கூலிம்ல பாத்ததில்ல. நாங்களும் கூட ஜெபிக்கிறோம்!"

பெண்கள் முழங்கால் போட்டார்கள். அவர்களோடு வந்த ஜோசபின் மட்டும் முட்டிவலி என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தோனியாரின் காலடியிலிருந்து புகை மெல்ல எழுந்தது.

"சம்பிராணி என்னமா மணக்குது!" என்றாள் அகத்தா. அருள்நிறை மந்திரத்துக்கு நடுவில் மறுபடியும் மோந்து பார்த்தாள். "கறிவாசம் மாதிரி அடிக்கல?"

"கீழ் வீட்டுச் சமையல்," என்றார் ஹெர்பர்ட்.

"பசியெடுக்குதுண்ணே."

"அது சாத்தானோட சோதனை. கண்ண மூடிக்கோம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கத்தில் ஹெர்பர்ட் பேரைச் சொன்னார். அன்று அவரால் தூங்கவும் முடியவில்லை. அதோடு ஊருக்கே தெரிந்துபோனது. பாசாரில் மீன்காரர்கூட, "அண்ணே, உங்களுக்குத்தான் ஆகாதே" என்று கூடையைத் தள்ளி வைத்தார். கோழிக்கறி வாசம் வந்த வீட்டுப் பக்கம் அவர் திரும்பினாலே அங்கே ஜன்னலைச் சாத்தினார்கள். நல்ல பேரைப் போல ஒரு மனிதனைப் பட்டினி போடுவது வேறொன்றும் இல்லை என்று அவர் நொந்துகொண்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்ததும் ஹெர்பர்ட் இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டைமாடிக்கு ஏறினார். டின் இருந்த இடத்தில் இருந்தது. உள்ளே கழுவித் துடைத்து வைத்திருந்தது. இரண்டு கம்பியும் இருந்தன. தொடை இல்லை. ஒன்றுகூட இல்லை.

தொட்டி ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே பெர்னார்ட்டின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. இந்த வருஷமும் டின் கறிதான். அடுத்த வருஷமும் அதுதான். செத்தால் சவப்பெட்டிக்குள்ளும் மச்சான் ஒரு டின் வைத்துவிடுவார். இருளப்பனைப் போய்ப் பிடித்தார். "சாமி சத்தியமா நான் எடுக்கலண்ணே" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். எடுத்தது யாரென்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தார். மேசைக்கு நடுவே பெரிய தட்டில், மெல்லிசாக அரிந்து, வெங்காயத்தோடு புரட்டி எடுத்த கறி. அந்தச் சிவப்பும் அந்த வாசமும் அவர் பெற்ற பிள்ளை. பார்த்தவுடன் தெரிந்தது.

பெர்னார்ட் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"அடேயப்பா! யாரு செஞ்சது இது?"

ஒரு வருஷமாக ஹெர்பர்ட் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தார்.

"நான்தாண்ணே," என்றாள் ஜோசபின். "தோட்டத்துல இவரு செய்றதப் பாத்துப் பழகுனது."

"மச்சான் செஞ்சது இதுல பாதி வராது லா! உன் கைக்கு ஈடே கிடையாது!"

விருந்துக்கு வந்திருந்த அகத்தா உச்சுக் கொட்டினாள். "அண்ணன் ஜெபத்துல இருந்தாரு. அக்கா தனியாக் கெடந்து கஷ்டப்பட்டிருக்காங்க."

'நான்தான் செஞ்சேன்' என்று சொல்லிவிடலாம். எங்கே செய்தீர்கள் என்று அகத்தா கேட்பாள். டின்னில் என்று சொல்ல வேண்டும். எந்த டின்னில்? அந்தோனியார் நின்ற டின்னில். மாதர் சபை மொத்தமும் முழங்கால் போட்டு வணங்கிய டின்னில். ஹெர்பர்ட் திறந்த வாயை மூடிக்கொண்டார். பேர்தான் போயிற்று, ஒரு துண்டாவது தின்னலாம் என்று கையை நீட்டினார்.

"என்னாங்க! நேர்த்தி!"

"நவநாள்தான் முடிஞ்சிருச்சே!"

ஜோசபின் மெல்ல எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். முகத்தைச் சுளித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"முக்காவாசி போயிருச்சு. இந்த இடது முட்டி ஓரத்துலதான் இன்னும் லேசா…"

அகத்தா கறித்தட்டை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள். கிண்ணம் நிறையப் பருப்பு ஹெர்பர்ட்டின் முன்னால் வந்தது. பெர்னார்ட் கொண்டுவந்த டின் கறியை யாரும் திறக்கவே இல்லை. அதையும் அவர் தின்ன முடியாது.

எல்லாரும் போன பிறகு ஹெர்பர்ட் சமையலறைக்குள் போனார். மிச்சக் கறியை மேல் அலமாரியில் வைக்க ஜோசபின் ஸ்டூல்மேல் ஏறி, நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஜோசி… உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. இருளப்பன் சொன்னான். உப்பு தூக்கலாப் போட்டிருந்தீங்க. ரெண்டு தடவ நான்தான் போய்க் கழுவி மாட்டிட்டு வந்தேன்."

"மாடிக்கு ஏறுனியா? முட்டிவலியோடயா?"

"ஏறுறப்ப வலிக்கலீங்க. எல்லாம் உங்க வேண்டுதல்தான்."

ஹெர்பர்ட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, ஜோசி? அது நான் செஞ்சதுன்னு?"

ஜோசபின் ஸ்டூலிலிருந்து துள்ளி இறங்கினாள். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அண்ணன் ஈஸ்டருக்கும் வராராம். இதே கறிதான் வேணுமாம். நல்ல தொடையாப் பாத்து ரெண்டு வாங்கிட்டு இன்னொரு நவநாள் ஆரம்பிச்சிருங்க. வலது முட்டியும் லேசா வலிக்க ஆரம்பிச்சிருக்கு."