மருமகனும் பரிசீலிக்கப்படுவார்

“எனக்கு ஆம்பளப் புள்ளையே இல்லீங்களே சார்” என்று பச்சையம்மாள் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, இளையபெருமாள் பேனாவை மூடி வைத்தான்.

அவன் அந்தச் சிமெண்ட் ஆலையில், ஆள் எடுக்கும் பெர்சனல் பிரிவில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவன் ஊரான குரும்பலூரில் அவனோடு பி.ஏ. முடித்தவர்கள் எல்லாம் வேலை தேடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் வேலை கொடுக்கிற வேலைக்கு வந்திருந்தான். இதை அவன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருந்தான்.

ஆலை அரியலூருக்குக் கிழக்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்ட நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து அதற்கான உத்தரவு ஆங்கிலத்தில் வந்தது. பெர்சனல் ஆபீசர் கிருஷ்ணமூர்த்தி அதை அவன் பக்கம் தள்ளி, “தமிழ்ல எழுதி கேட்ல ஒட்டிடுய்யா” என்றார். சேர்ந்த பிறகு அவன் செய்த முதல் வேலை அதுதான். இரண்டு தாள் கிழித்துப் போட்டு, மூன்றாவது தாளில் நல்ல கையெழுத்தில் எழுதினான்:

‘நிலம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்திலும் வயது வந்த ஆண் வாரிசு ஒருவருக்கு ஆலையில் வேலை வழங்கப்படும்.’

பச்சையம்மாள் கொடுத்தது இரண்டேகால் ஏக்கர். புருஷன் இல்லை. பிள்ளை என்று இருப்பது வேம்பு ஒருத்திதான்.

“பருத்தியும் சோளமும் போட்டு கஞ்சி குடிச்சிட்டிருந்தோம். இப்ப அந்தக் காட்டுல மெஷினு நிக்குது. எங்களுக்கு வேலை இல்லேன்னா எப்புடிங்க?” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இளையபெருமாளுக்கு மனசு கேட்கவில்லை. கிருஷ்ணமூர்த்தியிடம் போனான்.

“ஏதாவது வழி பண்ணுய்யா. நீதானே லேபர் லா டிப்ளமா” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவன் கேட்டுக்குப் போய், நோட்டீசின் அடியில் ஒரு வரி சேர்த்தான்: ‘ஆண் வாரிசு இல்லாத குடும்பத்தில் மருமகனும் பரிசீலிக்கப்படுவார்.’

பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவன் யாரிடமும் பேசவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் அவன் மேஜை முன்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

“நான் பச்சையம்மா மருமவன் சார். வீரமுத்து” என்றான் ஒருவன். முன்தலை வழுக்கை. முப்பத்தைந்து வயதுக்குக் குறையாது.

“நாந்தான் சார் மருமவன். குழந்தைவேல்” என்றான் மற்றவன்.

“அந்தம்மாவுக்கு ஒரே பொண்ணுன்னுல்ல சொன்னாங்க?”

“ஒண்ணுதாங்க.”

“அப்ப உங்க ரெண்டு பேருல யாரு கட்டினது?”

“இன்னும் கட்டலீங்க. நான் தாய்மாமன். கட்டிக்கிற உரிமை எனக்குத்தான்” என்றான் வீரமுத்து.

“நான் அத்த மவன் சார். இவரு பத்து வருசமா அக்கா வூட்டுப் பக்கமே வந்ததில்ல. நேத்து நோட்டீச யாரோ படிச்சுக் காட்டினப்பறந்தான் உரிமை ஞாபகம் வந்திருக்கு!”

“உனக்கு மட்டும் முந்தாநாளே வந்துச்சோ?”

சட்டைகள் கிழிவதற்குள் வாட்ச்மேன் வந்து பிரித்துவிட்டார். இளையபெருமாள் கேட்டுக்கு ஓடி இன்னொரு வரி சேர்த்தான்: ‘திருமணம் முடிந்த மருமகன் மட்டும்.’

மார்கழி மாதம். எப்படியும் யாரும் கல்யாணம் பண்ண மாட்டார்கள், அதற்குள் பட்டியலை முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் மெட்ராஸ் ஆபீஸ் தை பத்தாம் தேதிவரை கெடு நீட்டித்தது. தை இரண்டாம் தேதி குன்னத்துப் பக்கம் ஒரு கோயிலில் வீரமுத்து வேம்புவுக்குத் தாலி கட்டினான்.

கல்யாணத்துக்கு இளையபெருமாளும் போயிருந்தான். முன்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி. மாப்பிள்ளையைவிட அவனுக்குத்தான் உபசாரம் அதிகம். வேம்புவை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். மெலிந்த பெண், பத்தொன்பது வயது இருக்கலாம். மணவறையில் உட்கார்ந்து, எதிரே இருந்த தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதுன ஒரு வரியில எம் பொண்ணுக்குக் கல்யாணமே நடந்துருச்சு சார்” என்றாள் பச்சையம்மாள்.

அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான்.

தை ஐந்தாம் தேதி குழந்தைவேல் மெட்ராஸுக்கு மொட்டைக்கடுதாசி போட்டான். அடியில் கையெழுத்து இல்லை. ஆனால் அனுப்புநர் இடத்தில் தன் விலாசத்தைத் தெளிவாக எழுதியிருந்தான். நிலம் எழுதிக் கொடுத்தது ஐப்பசியில், கல்யாணம் ஆனது தையில், இது வேலைக்காகச் செய்த கல்யாணம் என்பது சாரம்.

மெட்ராஸிலிருந்து போன் வந்ததும் கிருஷ்ணமூர்த்தி கத்தினார். “என்னய்யா இது? கம்பெனி சிமெண்ட் பண்ண வந்திருக்கா, கல்யாணம் பண்ணி வைக்க வந்திருக்கா? நிலம் எழுதின தேதிக்கு முன்னாடி மருமகனா இருந்தவன் மட்டும்தான். எழுது!”

அவன் எழுதினான். இப்போது நோட்டீசில் காகிதத்தைவிட ஒட்டுகள் அதிகமாக இருந்தன.

இரண்டு நாள் கழித்துப் பச்சையம்மாள் வந்தாள். இந்த முறை கும்பிடவில்லை.

“ரெண்டு நாளா அவன் சோறு திங்கல சார். அவளையும் திங்க வுடல. ‘வேலை கெடைக்கும்னுதானே அக்கா கட்டி வச்சே’ங்கிறான். நேத்து கைய நீட்டிட்டான். எங்கூடப் பொறந்தவன் சார், அவன்.”

இளையபெருமாள் அன்று மத்தியானம் டிப்ளமா புத்தகங்களை எடுத்துப் புரட்டினான். அதில் இதற்கு வழி இல்லை. கடைசியில் அவனுக்கே ஒன்று தோன்றியது. மருமகனாகத்தானே ஆக முடியாது? மகனாக ஆகலாமே! ஆண் வாரிசு என்றால் பெற்ற வாரிசு என்று எங்கும் எழுதவில்லையே. சுவீகாரம்!

டவுனில் பத்திரம் எழுதும் ஒருவரிடம் எல்லோரையும் கூட்டிப் போனான்.

“பதினஞ்சு வயசுக்கு மேலே சுவீகாரம் செல்லாது தம்பி. இவரே ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கிற வயசு” என்றார் அவர்.

“கோர்ட்டுக்கு இல்லீங்க, கம்பெனிக்குத்தான்.”

“அப்பச் சரி.” அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வீரமுத்து தலையைச் சொறிந்தான். “சார், ஒரு சந்தேகம். அக்கா எனக்கு அம்மாவாயிட்டா, வேம்பு எனக்கு என்ன முறை?”

பத்திரம் எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“கம்பெனிக்கு மட்டும்தான்யா. வூட்டுல எல்லாம் பழையபடிதான்” என்றான் இளையபெருமாள்.

‘எனது அபிமான புத்திரனாக மனப்பூர்வமாய் ஏற்றுக்கொண்டேன்’ என்று பச்சையம்மாள் தம்பியைப் பெற்றுக்கொண்டாள். விரல் ரேகை வைத்தாள். அந்த ஃபைலைக் கிருஷ்ணமூர்த்தி கடைசிவரை படிக்கவில்லை. “இனிமே இந்தம்மா பேரு என் காதுல விழக் கூடாது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீரமுத்து சாமான் கிடங்கில் சேர்ந்தான்.

வைகாசியில் இளையபெருமாளுக்கு வேலை நிரந்தரமானது. ‘நிலம் கொடுத்தோர் பிரச்சினையைத் திறமையாகக் கையாண்டவர்’ என்று கிருஷ்ணமூர்த்தி எழுதியிருந்தார். அந்தத் தாளை அவன் நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் உள்ளே வந்தாள். பின்னால் வேம்பு. அவள் கையில் ஒரு துணி மூட்டை.

“அனுப்பிட்டான் சார்” என்றாள் பச்சையம்மாள்.

“யாரு?”

“எம் மவன்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“வேப்பந்தட்டையில பொண்ணு பாத்துட்டான். சிமெண்ட் கம்பெனி மாப்பிள்ளைன்னு பதினஞ்சு பவுன் போடுறாங்களாம். கேட்டா, அந்தப் பத்திரத்தத் தூக்கிக் காட்டுறான். ‘கூடப்பொறந்த தங்கச்சியோட எப்புடிக் குடும்பம் நடத்துறது’ங்கிறான். பஞ்சாயத்துல நாலு பேரு அதப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டாங்க. நெலமும் போச்சு, வேலையும் போச்சு. இவ வாழ்க்கையும் போச்சு. ஏதாவது பண்ணுங்க சார்.”

“அவன் வேலையை நிறுத்த முடியாதும்மா. ரெக்கார்டுப்படி அவன்தான் உங்க வாரிசு.”

“அப்ப எங்களுக்கு?”

“குடும்பத்துக்கு ஒரு வேலைதான். குடுத்தாச்சே.”

பச்சையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவர்கள் போய்விட வேண்டும் என்று இருந்தது. அதோடு, தான் கெட்டவன் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றும் இருந்தது.

“என் மேல கோபப்பட்டு என்னம்மா பண்றது? நான் உங்களுக்கு எவ்வளவோ வளைஞ்சு குடுத்தேன். ரூல் அப்படி. மெட்ராஸ்ல போட்ட ரூல். நான் சம்பளத்துக்கு எழுதுறவன்.”

பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தான். முதல் தாளில் மெட்ராஸ் உத்தரவு, கம்பெனி முத்திரையோடு இருந்தது. அதைப் பச்சையம்மாள் பக்கம் நீட்டினான்.

“இந்தாங்க, நீங்களே பாருங்க. நானா ஒரு எழுத்துகூடச் சேர்க்கல.”

பச்சையம்மாள் முத்திரையைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. வேம்பு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, அவசரமில்லாமல் படித்தாள்.

“ஒன்... அடல்ட்... மெம்பர்... ஆஃப் ஈச் ஃபேமிலி...”

இளையபெருமாள் நிமிர்ந்தான்.

“நீ படிச்சிருக்கியா?”

“எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சார். யாரும் கேக்கல” என்றாள் வேம்பு. விரல் தாளின் கடைசிவரை போய், மறுபடி மேலே வந்து, முதல் வரியில் நின்றது.

“இதுல ஆம்பளைன்னு எங்க சார் போட்டிருக்கு?”