குறட்டை விட்ட வாயும் தூங்காத விரலும்

பொறாமைக்காரனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு வந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு டாக்டர் முன்னால், குறட்டையோடு.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு மனநல மருத்துவமனை. தூக்கக் கலக்கம் தரும் மாத்திரைகள் ஆளை எவ்வளவு மந்தமாக்குகின்றன என்று அங்கே அளந்துகொண்டிருந்தார்கள். அதற்கு நோயில்லாத ஆட்கள் வேண்டும். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும், 'பீப்' சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு தாமதம் என்று மிஷின் சொல்லிவிடும்.

வாயால் கேட்டால் போதாதா என்றேன். டாக்டர் மதுரைக்காரர். "உங்க ஊர்க்காரங்ககிட்ட கேட்டு என்ன பண்றது? சுவத்துல சாஞ்சு விழுந்துகிட்டே 'பரவாயில்லைங்க'ன்னு சொல்றாங்க" என்றார்.

நான் போனது அறிவியலுக்காக அல்ல; மிஷினை இயக்கிய கலாமணிக்காக. துடியலூர்ப் பெண். எங்கள் வீட்டில் பெண் கேட்டிருந்தார்கள். 'புள்ளையைக் கேட்டுச் சொல்றோமுங்க' என்றவர்கள் அதன்பின் வாய் திறக்கவில்லை. (எங்கள் பக்கம் மரியாதையான 'இல்லை' இப்படித்தான் ஆரம்பிக்கும்.) துணைக்குச் சிநேகிதன் சிவகுமாரையும் கூட்டிப்போனேன். சோமனூரில் தறி ஓட்டுபவன். சுருட்டை முடி, சினிமாச் சிரிப்பு. என் புத்தியை என்ன சொல்ல!

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் சிவகுமாரின் தலை தொங்கியது. கலாமணி ஓடி வந்தாள். "ஏனுங்க, தலையைச் சுத்துதுங்களா?" தண்ணீர் கொடுத்தாள், அட்டையால் விசிறினாள். அவன் "பரவாயில்லைங்க" என்று குழறினான். அந்தக் குழறலில்தான் எத்தனை சொகுசு! அட்டை எத்தனை தடவை அவன் பக்கம் ஆடியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது மாவு மாத்திரை போல, துளித் தூக்கம் இல்லை. ஆனாலும் என் முறை வந்ததும் நானும் கண்ணைச் சொருகினேன். மேஜையில் கவிழ்ந்தேன். குறட்டையும் விட்டேன். அட்டை வரவில்லை. 'பீப்' என்றது மிஷின், உடனே 'டக்'. மறுபடி 'பீப்', 'டக்'. யாரடா அது என்று ஒரு கண்ணைத் திறந்தால், என் விரல். சிவகுமாருக்குப் பிந்தக்கூடாது என்று காலையிலிருந்து வெறியோடு அழுத்திய விரல், நாடகத்தில் சேர மறுத்துவிட்டது.

டாக்டர் தாளைப் பார்த்தார். மாத்திரை போடுவதற்கு முன்பைவிட வேகம். "தூக்கத்தை மறைக்கிறவங்களைப் பிடிக்கத்தான் இந்த மிஷின். இல்லாத தூக்கத்தைக் காட்டுற ஆளை இப்பத்தான் தம்பி பார்க்கிறேன்" என்று என்னைக் கணக்கிலிருந்தே நீக்கினார். சிவகுமார் அந்தக் கலக்கத்திலும் சிரித்தான். கலாமணி சிரிக்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி பதிலே வராது என்றிருந்தேன். சம்மதம் வந்தது. கல்யாணமான பிறகு காரணம் கேட்டேன்.

"நீங்க பொய் சொன்னா அங்கயே மாட்டிக்குவீங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்க. அது போதும்னு சரின்னு சொல்லிப்போட்டேன்."

இன்றைக்கும் சிவகுமார் எங்கள் வீட்டுக்கு வந்தால், கலாமணி ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைப்பாள். பொறாமையா என்பாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்பேன். "அம்மா, அப்பா விரலைப் பாரு" என்பாள் மகள்.

டக், டக் என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கும்.