மக்கள் தேர்ந்தெடுத்த குளிர்

நகராட்சி நிர்வாகம் ஒருநாள் பெருந்தன்மையோடு ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது: ஊர்ப் பணம் ஊராருடையது. ஆகவே பேட்டைக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்வதென்று மக்களே கூடி முடிவெடுக்கலாம் என்று அறிவித்தது. முடிவு தப்பாகப் போனால் அந்தத் தப்பும் மக்களுடையதே என்பதை மட்டும் அறிவிப்பில் சேர்க்க மறந்துவிட்டது.

தையற்கடை அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மழை பெய்தால் சாக்கடை அவள் கடைக்குள் வந்துவிடும். போன மழையில் பள்ளிக்கூடச் சீருடைத் துணி முழுக்க நாசம். இன்னொரு மழை அடித்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். கூட்டத்தன்று நகராட்சி அரங்கத்துக்கு முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

அரங்கம் அடுப்பாகக் கொதித்தது. ஓடிய ஒரே மின்விசிறி மேடையிலிருந்த அதிகாரிக்கு வீசிக்கொண்டிருந்தது.

“நீங்கதான் எஜமானர்கள். சுவத்துல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் இருக்கு. எந்த வேலை வேணுமோ அந்தப் படத்துல ஸ்டிக்கர் ஒட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்” என்று அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார்.

அக்கா சாக்கடைப் படத்தில் ஒட்டினாள். பின்தெரு வாத்தியார் முகம் சுளித்தார்.

“அதெல்லாம் ஆகாதும்மா.”

“அப்ப உங்க தெருவுக்கு என்ன சார் வேணும்?”

“எங்களுக்கு ஒண்ணும் வேணாம். உங்களுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

இந்த உயரிய கொள்கையைச் சபை முழுவதும் கடைப்பிடித்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்த வேலையைக் கேட்டவரும் அவர் குடும்பத்தாரும் ஒட்டிய ஸ்டிக்கர்தான் இருந்தது. சிலருக்குக் குடும்பத்தாரும் ஒட்டவில்லை.

“எல்லாரும் ஒத்துப்போகலேன்னா பணம் திரும்பிப் போயிடும்” என்றார் அதிகாரி.

“முதல்ல இங்க ஏசி போடுங்கய்யா, வெந்து சாகறோம்!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த அக்காவின் கையும் தானாகவே மேலே போயிற்று. ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பணம் முழுவதும் செலவாகி அரங்கத்துக்கு ஏசி வந்தது. பின்னாலேயே மழை வந்தது. சாக்கடையும் கடைக்குள் வந்தது. நனைந்த துணி மூட்டையோடு அக்கா அரங்கத்துக்கு ஓடினாள்.

“சார், என் பிழைப்பே போச்சு! சாக்கடைக்கு ஒரு வழி பண்ணுங்க!”

“பண்ணலாம்மா. ஆனா மக்கள் தீர்ப்பை மீற நான் யாரு?” என்றார் அதிகாரி, கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு. “நிக்காதீங்க, உக்காருங்க.”

உட்கார்ந்தாள். பாதிப் பேட்டை ஏசிக் காற்று வாங்க அங்கேதான் இருந்தது. வாத்தியார் குடும்பத்தோடு வந்திருந்தார். அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சிலுசிலுவென்றுதான் இருந்தது. கண் மெல்லச் சொக்கியது.

அப்போது கதவு திறந்தது. முழங்கால் வரை சேறோடு இஸ்திரிக்காரர் நின்றார்.

“ஐயா, என் கடைக்குள்ளயும் சாக்கடைத் தண்ணி...”

அக்கா சட்டென்று திரும்பினாள்.

“அண்ணே, முதல்ல கதவைச் சாத்துங்க. குளிரெல்லாம் வெளிய போகுது!”