குளத்துக்குள் பசுமாடு

இனி வாழ்நாளில் ஆன்னிகாவிடம் பொய் சொல்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். திடீரென்று யோக்கியனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் தண்ணீரே சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எந்தப் புருஷன் பிழைப்பது?

ஆன்னிகா என் மனைவி. மினசோட்டாவில் எங்கள் வட்டாரத்து ஏரி குளங்களை ஆராய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் படகு மோட்டார் பழுது பார்ப்பவன். சனிக்கிழமைச் சந்தையில் அவள் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்: 'வளர்ப்பு மீனைக் குளத்தில் விடாதீர்கள்.' பக்கத்தில் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி தலையையும் ஆட்டுவேன்.

போன அக்டோபரில் வளர்ப்பு மீனைக் குளத்தில் விட்டது அந்தத் தலைதான்.

மீன் அவளுடைய அக்கா பிரிட்டாவின் செல்லம். தங்கமீன். பெயர் பிஸ்கட். பனிக்காலத்தைக் கழிக்க அரிசோனாவுக்குப் போனவள், மே மாதம் வரை அதை என் பொறுப்பில் விட்டுப் போனாள். அது மீனா கன்றுக்குட்டியா என்று சந்தேகம் வரும்படி தின்றது. தின்றதற்குத் தக்கபடி தொட்டியை நாறடித்தது. மூன்று வாரம் கழுவினேன். நான்காவது வாரம் வாளியும் மீனுமாக வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளத்துக்கு நடந்தேன். இடுப்பளவுக் குளம். ஜனவரியில் மேலே பனிக்கட்டி மூடி, உள்ளே காற்றில்லாமல் மீனெல்லாம் செத்துவிடும். வழக்கு தானாகவே முடிந்துவிடும் என்று நம்பினேன்.

மீன் செத்துப்போச்சு, லைலாக் செடிக்கடியில் புதைத்துவிட்டேன் என்று ஆன்னிகாவிடம் சொன்னேன். சொல்லும்போது கண்ணீர்கூட வந்தது. எனக்கே ஆச்சரியம். அக்கா வந்ததும் நீயே சொல்லிவிடு என்றாள்.

பிப்ரவரியில் ஒருநாள் சூப் குடிக்கையில் அவள் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். தங்கமீன் பனிக்கட்டிக்கு அடியில் காற்றே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். உடம்பில் சேரும் அமிலத்தைத் தானே சாராயமாக மாற்றி வெளியே தள்ளிவிடுமாம். என் கரண்டி சூப்பில் மூழ்கிவிட்டது. எனக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு பீர்தான் அனுமதி. நான் தீர்த்துக்கட்டிய மீனோ, குளத்தடியில் சொந்தமாகக் காய்ச்சிக்கொண்டு சுகமாக இருக்கிறது.

பனி உருகியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்னிகா ஒரு பாட்டில் தண்ணீரை ஃபிரிஜ்ஜில் வைத்தாள். என்ன என்று கேட்டேன். நம்ம குளத்து விஷயம் என்றாள். தண்ணீரில் வாழும் ஒவ்வொரு பிராணியும் தோல், சளி என்று எதையாவது உதிர்க்குமாம். மீனைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், ஒரு பாட்டில் தண்ணீர் போதும், உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கூடத்தில் படித்துவிடுவார்களாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் வெளிப்பட்டால் என் மானம் போவது சின்ன விஷயம். பலகை பிடிப்பவள் வீட்டிலேயே மீனை விட்டார்கள் என்று ஊர் சிரிக்கும். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மறுநாள் முதுகுவலி என்று சொல்லிச் சந்தைக்குப் போகாமல் இருந்துகொண்டேன். அவள் கிளம்பியதும் தெம்புக்காக நாலு துண்டு பேக்கனும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தின்றேன். பாட்டிலைத் திறந்து கொட்டினேன். நம் குளத்துத் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பெருமையாகக்கூட இருந்தது. பாட்டில் வாய்க்குள் விரல்விட்டு ஒரு துடை துடைத்து, சமையலறைக் குழாய்த் தண்ணீரை நிரப்பி மூடி வைத்தேன்.

பத்து நாள் கழித்து, பிரிட்டா வருவதற்கு முந்தின மாலை, ஆன்னிகா ஒரு தாளோடு வந்தாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"டெரிக், குளத்துல யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். "யாரு?"

"மனுஷன் ஒருத்தன்."

"ம்."

"ஒரு பன்னி. ஒரு பசுமாடு. மூணு பேரும் ஒத்துமையா குடியிருக்காங்க. தவளை இல்ல, வாத்துகூட இல்ல."

"மீன் எதுவும்...?"

"இல்லையே."

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எதுக்கு அப்பாடா? அது குளத்துத் தண்ணியே இல்ல. குளத்துத் தண்ணிய அன்னைக்கே கரையில வச்சு வடிகட்டி அனுப்பியாச்சு. நம்ம கை சுத்தமான்னு சோதிக்க, கூடவே ஒரு பாட்டில் வெறும் சுத்தத் தண்ணியும் கொண்டுபோவோம். ஃபிரிஜ்ல இருந்தது அது. அதுக்குள்ள பன்னியும் மாடும் எப்படிப் போச்சுன்னு கூடத்துல எல்லாரும் கேக்கறாங்க."

"பேக்கன்," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வெண்ணெய்."

"கலங்கலே இல்லாத குளத்துத் தண்ணிய நீ எங்க பாத்திருக்க?"

வாளியிலிருந்து லைலாக் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணீரையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் வந்தது. குளத்தில் மூன்று நாள் வலை போட்டுப் பார்த்தாளாம். குஞ்சு ஒன்றுமில்லை. அந்தக் குளம் எந்த ஏரியோடும் சேரவில்லை. ஊருக்கும் தெரியாது. மீதிப் பாதி உயிரும் வந்தது.

"அப்போ பிஸ்கட்?"

"பனி உருகினதும் குளத்துல தங்கமா ஏதோ மின்னிச்சு, அதான் வலை போட்டேன். முதல் நாளே அதுதான் மாட்டிச்சு. தண்ணி எடுத்ததே, மீனை எடுத்தப்புறமும் சுவடு நிக்குதான்னு பாக்கத்தான். நிக்குது. உன் புண்ணியத்துல எங்களுக்கு ஒரு தகவல்."

"உயிரோட இருக்கா? எங்க?"

"இந்த வீட்லதான். ரெண்டு வாரமா."

வீடு முழுக்க மனசாலேயே ஓடித் தேடினேன். கட்டிலடி, பரண், கார் கொட்டகை. "எங்க ஒளிச்சு வச்ச?"

"ஒளிக்கவே இல்லப்பா. கீழ, துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்துல. கல்யாணமாகி நாலு வருஷத்துல ஒருநாளாச்சும் நீ அங்க இறங்கியிருந்தா பாத்திருப்ப."