மூன்றாவது பயணி

கைப்பைக்குள் சேவல் கூவியது.

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்று முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே மூன்று பேர். இரண்டு கையிலும் கடைப் பைகளோடு ஓர் ஆன்ட்டி. புஜத்துக்குப் பனியன் போதாத ஒரு ஜிம்காரர். மூலையில், நீலக் கவுனும் தோள்வரை முடியும் பெரிய கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. சேவல் கூவியது அந்தப் பெண்மணியின் பையில்.

“உங்க பைக்குள்ள கோழியா இருக்கு?” என்றார் ஆன்ட்டி.

பெண்மணி பதறிப்போய்ப் பைக்குள் கையை விட்டு போனை அமுக்கினார். பெண்மணி என்பது இன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவர் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவர் பிழைப்பு. மோட்டார் இரைச்சலில் வேறு எந்த மணியும் காதில் விழாது என்று ஆபீஸ் எண்ணுக்கு மட்டும் சேவலை வைத்திருந்தார்.

மாதத்தில் ஒரு விடுமுறை நாள் அவர் இப்படி வெளியே வருவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கண்ணாடியில் பார்க்கும்போது மனசு லேசாகும், அவ்வளவுதான். மனைவிக்குத் தெரியும். தெரிந்த அன்றிலிருந்து மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நான்காம் நாள், “லிப்ஸ்டிக்கை இப்படியா பூசுவாங்க?” என்று அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

அதோடு நிபந்தனைகளும் போட்டாள். “எங்க போறீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. இருட்டறதுக்குள்ள வந்துடுங்க. ஆள் நடமாட்டம் இருக்கிற இடமா பாத்துப் போங்க. போனை மட்டும் அணைக்கவே அணைக்காதீங்க. உங்க கம்பெனி லிஃப்ட் இருக்கிற கட்டடம் வேண்டவே வேண்டாம். முக்கியமா, வாயைத் திறக்காதீங்க. முகம் ஒத்துக்கும், குரல் ஒத்துக்காது.”

அத்தனையையும் அவர் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தார். இந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறு கம்பெனியுடையது என்று விசாரித்து வைத்திருந்தார். செருப்புக் கடைக்குப் படியேறியே போயிருப்பார். புது ஹீல்ஸ் காலைக் கடித்தது. உள்ளே வந்து கதவு மூடிய பிறகுதான் சுவரில் புத்தம்புது ஸ்டிக்கரைப் பார்த்தார். பராமரிப்பு கைமாறியிருந்தது. ஸ்டிக்கரில் இருந்தது அவர் கம்பெனியின் அவசர எண். ஜிம்காரர் ஏற்கெனவே மணி பட்டனை அழுத்திவிட்டிருந்தார்.

“லைன்லயே இருங்க, யாரும் பயப்படாதீங்க” என்றது சுவரில் இருந்த ஸ்பீக்கர்.

மெக்கானிக் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். ரூல்ஸ் அக்கா! ஆபீசில் அவசர அழைப்புகளை எடுப்பவர். டீ குடிக்க எழுந்தால்கூட எத்தனை நிமிடம் என்று ரூல் சொல்வார். பன்னிரண்டு வருடமாக இவர் குரலைக் காதில் வாங்குகிறவர். இங்கே ஒரு தும்மல் போட்டால் போதும், கண்டுபிடித்துவிடுவார்.

சேவல் மறுபடி கூவியது. மெக்கானிக் பையைக் கட்டிப்பிடித்து அமுக்கினார்.

“யாருங்க இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க? எடுத்துப் பேசுங்க, வீட்ல தேடுவாங்க” என்றார் ஆன்ட்டி.

மெக்கானிக் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்.

“அய்யோ, தொண்டைக்கட்டா?”

ஸ்பீக்கரில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு ரூல்ஸ் அக்கா குரல் வந்தது. “மெக்கானிக் கிளம்பிட்டார். இருபது நிமிஷத்துல வந்துடுவார்.”

எந்த மெக்கானிக் என்று கேட்கத் தேவையில்லை. இன்றைக்கு டியூட்டி மைக்குக்கு. அது அவர் பெயரல்ல, வாய்க்காகக் கிடைத்த பட்டம். காலையில் மைக்கிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் மத்தியானத்துக்குள் அது கூடுதல் விவரங்களோடு சொன்னவரிடமே திரும்பி வரும். மேனேஜர் விக் வைக்கிறார் என்பது முதல் வாட்ச்மேன் மச்சானின் கல்யாணம் நின்றது வரை ஆபீசுக்குச் சொன்னவர் மைக்தான்.

வேலை போகுமே என்பதுகூட மெக்கானிக்குக் கவலை இல்லை. அவருடையது ஊரார் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்து பார்க்கிற தொழில். மைக் இன்றைக்குப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்பு நாளைக்கு இவருக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். மகள் படிக்கிற பள்ளி வாசலிலும் நிற்கும்.

“சும்மா நிக்கறதுக்கு இதை வீடியோ எடுத்துப் போட்டா லட்சம் பேர் பாப்பாங்க” என்று ஜிம்காரர் போனைத் தூக்கினார். “ஆன்ட்டி, கொஞ்சம் பயந்த மாதிரி நில்லுங்க. மேடம், நீங்களும் இப்படித் திரும்புங்க.”

மெக்கானிக் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“உள்ள இருக்கிறவங்க எல்லாரும் போனை அணைச்சிடுங்க. கம்பெனி ரூல்” என்றது ஸ்பீக்கர்.

“போனுக்கும் லிஃப்டுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“சென்சார் கெட்டுடும்.”

அப்படி ஒரு சென்சாரை மெக்கானிக் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஆனால் ரூல்ஸ் அக்கா சொன்னால் எங்காவது எழுதித்தான் இருக்கும். ஜிம்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனை அணைத்தார். மெக்கானிக்கும் அணைத்தார். போனை அணைக்கக் கூடாது என்பது மனைவியின் ரூல். எந்தப் பக்கம் மீறினாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபேன் நின்றுபோனதில் உள்ளே வெந்தது. மனைவி அரை மணி நேரம் பூசிய பவுடர் நெற்றியிலிருந்து கிளம்பிக் கன்னம் வழியாகத் தாடையை நோக்கி இறங்கியது. தாடையில் காலையில் இரண்டு தடவை ஷேவ் செய்த இடம் இருக்கிறது. மெக்கானிக் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

“அழாதேம்மா!” என்று ஆன்ட்டி பைகளைக் கீழே போட்டார். “எனக்கும் உன் வயசுல தங்கச்சி இருக்கா. இப்படித்தான், ஒண்ணுன்னா பொலபொலன்னு அழுதுடுவா.” சொல்லிக்கொண்டே மெக்கானிக்கை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

அணைத்ததில் விக் அரை அங்குலம் இடது பக்கம் போனது. மெக்கானிக் தலைவலிக்காரர்போல ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தார்.

“தலையும் வலிக்குதா? காட்டு, நான் அமுக்கி விடறேன். முகத்தையும் தொடச்சு விடறேன், மையெல்லாம் வழிஞ்சு கெடக்கு.” ஆன்ட்டி கையில் ஈர டிஷ்யூ முளைத்தது.

“பயணிகள் ஒருத்தரை ஒருத்தர் தொடக் கூடாது. கம்பெனி ரூல்” என்றது ஸ்பீக்கர்.

“ஆறுதல் சொல்லக்கூடவா ரூல் போடுவீங்க? உங்க வீட்ல மனுஷங்களே இல்லையா?”

“தள்ளி நின்னு சொல்லுங்க. அதுக்குத் தடையில்ல.”

ஆன்ட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விலகினார். விலகிய இடத்தில் ஜிம்காரர் வந்து நின்றார். “இருபது நிமிஷமெல்லாம் காத்திருக்க முடியாது. கதவை நானே பிளந்துடறேன். கீழ் மாடி பக்கத்துலதானே இருக்கு, எட்டிக் குதிச்சிடலாம்.”

விரலை இடுக்கில் விட்டு இழுத்தார். கதவு நான்கு அங்குலம் திறந்தது. பாதி உயரத்துக்குச் சுவர் தெரிந்தது. அதற்கும் கீழே இருட்டாக ஒரு சந்து. பாதியில் நிற்கும் லிஃப்டிலிருந்து கீழே குதிக்கிறவன் மாடியில் இறங்கமாட்டான். சறுக்கி லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் போவான். மெக்கானிக் வேலையில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்டது இதுதான். மனைவி, மகள், மைக் எல்லாம் அந்த நொடியில் மறந்துபோனது.

“கையை எடுய்யா! குதிச்சா நேரா குழிக்குள்ள போவ!”

கம்பெனியே நடுங்கும் அவருடைய சொந்தக் குரல். ஜிம்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆன்ட்டியின் வாய் திறந்தது. இருவரும் மெல்ல மூலைப் பக்கம் திரும்பினார்கள்.

“சூப்பர்வைசர் சத்தம் போட்டது கேட்டுச்சுல்ல? கதவுகிட்ட யாரும் போகாதீங்க” என்றது ஸ்பீக்கர்.

“ஸ்பீக்கர்ல இருந்தா வந்துச்சு? எனக்கு என்னவோ காதுகிட்ட கேட்ட மாதிரி இருந்துச்சே” என்றார் ஆன்ட்டி.

“நல்ல ஸ்பீக்கர் ஆன்ட்டி. எங்க ஜிம்லயும் இதே மாதிரிதான் அலறும்.”

மெக்கானிக் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பலமாகத் தலையாட்டினார். சூப்பர்வைசர் எந்தப் புண்ணியத்தில் அந்த நேரம் பார்த்துக் கத்தினாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

மேலே மெஷின் ரூமில் காலடிச் சத்தம் கேட்டது. தொடர்ந்து கட்டடமே கேட்கும்படி மைக்கின் குரல் வந்தது. “வந்துட்டேன்! பிரேக்கை ரிலீஸ் பண்ணி மெதுவா மூணாவது மாடிக்கு இறக்கறேன்! உள்ள லைட்டை அணைக்கறேன், ரூல்!”

குப்பென்று இருட்டியது. அந்த இருட்டில் மெக்கானிக் விக்கை நேராக்கினார், கண்ணாடியைத் துடைத்தார். இனி என்ன செய்தும் பயனில்லை என்று தெரிந்தும் செய்தார். கதவு திறந்ததும் மைக் கீழே ஓடி வருவார். மீட்ட ஒவ்வொரு பயணியோடும் கைகுலுக்கி, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று விசாரிக்காமல் அவர் விட்டதே இல்லை.

லிஃப்ட் அடி அடியாக இறங்கி நின்றது. காவலாளி கதவைத் திறந்தார். ஆன்ட்டி இறங்கினார், ஜிம்காரர் இறங்கினார். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு காலை வெளியே வைத்தார்.

“எல்லாரும் போயாச்சா?” என்று மேலிருந்து மைக் கத்தினார். “வாசலைத் தாண்டிப் போயாச்சுன்னு சொன்னாதான் நான் இறங்குவேன். ரூல்!”

மெக்கானிக் ஹீல்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடியையும் படி வழியாக ஓடி இறங்கினார்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் மைக்கைச் சுற்றிக் கூட்டம். மெக்கானிக் ஓரமாகப் போய் நின்றார். மைக் ஜிம்காரரின் புஜத்தை நடித்துக் காட்டினார். ஆன்ட்டியின் பைகளை எண்ணிச் சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மொத்தம் எத்தனை பேர் உள்ள?” என்று கேஷியர் கேட்டார்.

“ரெண்டே பேர்” என்றார் மைக்.

மெக்கானிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. போனை அணைக்கச் சொன்னது, தொடாதே என்றது, சூப்பர்வைசர், லைட். நேற்று சூப்பர்வைசர் லீவு என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேரே ரூல்ஸ் அக்காவின் மேசைக்குப் போனார்.

“அக்கா, அந்த ரூலெல்லாம்…”

“அப்படி ஒரு ரூலும் கிடையாது தம்பி” என்றார் ரூல்ஸ் அக்கா, பேனாவை மூடிக்கொண்டே. “டியூட்டி ஆளோட லைன் கிடைக்கலேன்னு உங்களுக்கு அடிச்சா, ஒரு காதுல ரிங் போகுது, இன்னொரு காதுல லிஃப்டுக்குள்ள இருந்து சேவல் கூவுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“நீங்க மட்டும் இல்லேன்னா என் குடும்பமே தலைகுனிஞ்சிருக்கும் அக்கா. இந்த ஜென்மத்துல மறக்கமாட்டேன்.” மெக்கானிக் இரண்டு கையையும் கூப்பினார்.

ரூல்ஸ் அக்கா அந்தக் கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

“எனக்கு எதுக்கு தம்பி? இன்னொரு லைன்ல இருந்துக்கிட்டு ஒவ்வொரு ரூலா எனக்குச் சொல்லிக் குடுத்ததே மைக் அண்ணன்தான். உங்களை நீலக் கவுன்ல பஸ் ஸ்டாப்ல பாத்து நாலு வருஷமாச்சாம்.”