காலமானவர் நானல்ல, கொஸ்கிரேவ்

வென்ற்வேர்த்வில்,
சிட்னி.

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் சிறிதரன் அவர்களுக்கு,

கதிர்காமநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். இதை மரியாதைக்காக எழுதவில்லை, செய்தியாகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் உங்கள் பத்திரிகைக்கு மார்ட்டின் கொஸ்கிரேவ் என்ற அயர்லாந்துக்காரரின் வரலாற்றை அனுப்பியிருந்தேன். 1884இல் இங்கே வந்திறங்கி, சட்டத்தரணியாகப் பேர் எடுத்து, தேர்தலில் வென்று, அடுத்ததில் தோற்று, கடைசியில் திறைசேரி அதிகாரியாகிக் கதிரையோடு கதிரையாகத் தேய்ந்துபோன மனிதர். ஊரில் சட்டத்தரணியாக இருந்துவிட்டு இங்கே அரசாங்கக் கந்தோரில் கோப்பு அடுக்கிய எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். நீங்களோ அதை மரண அறிவித்தல் பக்கத்தில் போட்டு, எழுதியவர் பெயரை விழுங்கி, கூடவே அனுப்பிய என் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்து, 1884ஐ 1984 என்று திருத்தியும் விட்டீர்கள்.

சனிக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், முன்பு பக்கத்து வீட்டில் இருந்த மிருணாளினி. என்னைக் கண்டதும் "ஐயோ!" என்று கையிலிருந்த சோற்றுச் சட்டியைப் போட்டுவிட்டாள். பின்னால் நின்ற புருஷன் இந்திரகுமார், "அங்கிள், நீங்கள் மோசம்போயிட்டீங்களெண்டெல்லோ பேப்பரில கிடக்கு!" என்றார்.

"அது கொஸ்கிரேவ், தம்பி."

"ஓம், பேரையும் பார்த்தனாங்கள். கடைசி நேரத்தில வேதத்துக்கு மாறிட்டீங்களாக்கும் எண்டு நினைச்சம்."

வெள்ளி தவறாமல் மேய்ஸ் ஹில் முருகனுக்கு முன்னால் நிற்கிற நான் கிறிஸ்தவனாகிவிட்டேனாம்!

பிறகு ஒருவர் பின் ஒருவராக ஞாயிறு மாலைவரை சனம். நான் உயிரோடு இருப்பதைக் கண்டும் யாரும் திரும்பிப் போகவில்லை, கொண்டுவந்த சாப்பாட்டை என்ன செய்வது? என்னை முன்னால் வைத்துக்கொண்டே, "அருமையான மனுசன், ஒருத்தரோடையும் கோவிக்காதவர்" என்று பேசிக்கொண்டார்கள். மனைவி இறந்த பிறகு குசினி அலுமாரியில் இருந்த தட்டுகளை அன்றுதான் வெளியே எடுத்தேன். கழுவித் துடைக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று என்னோடு வாக்குவாதப்பட்டுப் போன மகன் சுதர்சன், இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பேசவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது அவனைத்தான்: "மகன் மெல்பேர்னால வந்திட்டாரோ?" "பிளேன் கிடைக்கேல்லையாம்" என்று சொல்லிச் சமாளித்தேன். சாகாதவனுடைய செத்தவீட்டுக்கு வேறு என்னதான் சொல்வது?

ஆகவே அடுத்த இதழில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், நான் உயிரோடிருக்கிறேன் என்று திருத்தம் வரவேண்டும். கொஸ்கிரேவிடமிருந்து பறித்த நூறு வருடத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

நீங்களும் குடும்பத்தாரும் வீட்டிலும் அச்சிலும் நீடூழி வாழ முருகன் அருள்வானாக.

இங்ஙனம்,
க. கதிர்காமநாதன்
(உயிருடன்)

பி.கு.: திருத்தம் போடவேண்டாம். சுதர்சன் இன்னும் பத்திரிகையைப் பார்க்கவில்லைப் போலிருக்கிறது. அவனுடைய மெல்பேர்ன் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அவனுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.