சொல்லிக் கொடுத்தே சோதிப்பவர்

யோசனை சொல்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். தூரத்தில் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் மாறிவிடுவீர்கள். ஆனால் இப்போது புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. அவர் யோசனை சொல்லமாட்டார், கேட்பார். ரொம்பப் பணிவாகக் கேட்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டு, "உங்க கருத்து ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று நன்றி கூறி போனை வைத்துவிடுவார்.

நம்மவர் அந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த பிரதி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அது சலித்துப்போய், இணையவழியாகப் பயனர் அனுபவ வடிவமைப்பு படிக்கச் சேர்ந்தார். அதாவது, ஒரு வலைப்பக்கத்தைத் தொடுகிறவர் திண்டாடாமல், யாரையும் திட்டாமல், வந்த வேலையை முடித்துக்கொண்டு போகும்படி அதை அமைக்கிற கலை. அன்றுமுதல் வீட்டில் இருந்தவர்களெல்லாம் பயனர் ஆனார்கள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், "ஒரு பயனரா இதை நீ எப்படி உணர்ற?" என்று கேட்டார்.

"ஈரமா உணர்றேன்," என்றார் மனைவி.

செய்து பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றது பாடம். தெருக்கோடியில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருடைய தொலைபேசி ஓயாமல் அலறும். "நேரம் வாங்குறதுக்கு ஒரு பக்கம் பண்ணிக் குடுங்க, புண்ணியமாப் போகும்," என்றார். இந்தப் பக்கம் மட்டும் தேறிவிட்டால் காப்பீட்டு வேலைக்குக் கும்பிடு போட்டுவிடுவது என்று நம்மவர் முடிவு கட்டிவிட்டார்.

பக்கம் தயாரானது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு! வெள்ளை வெளேரென்ற பரப்பு, நடுவில் தூங்கும் ஒரு பூனை, அதன் கீழே சின்னதாக ஒரு பாதச்சுவடு. அந்தச் சுவட்டைத் தொட்டால் நேரம் வாங்கும் இடம் திறக்கும். எங்கும் ஓர் எழுத்துக் கிடையாது.

"அது பட்டன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மனைவி.

"எழுத்து போட்டா அழகு போயிடும்."

அடுத்தது சோதனை. பயனர் தம் வீட்டில் உட்கார்ந்து பக்கத்தைத் திறப்பார். அவர் கணினித் திரை நம்மவர் திரையில் அப்படியே தெரியும். வேலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டும். விதி அவ்வளவுதான். முதலில் அகப்பட்டவர் அவருடைய அண்ணி, கல்லூரியில் வேதியியல் பேராசிரியை.

"அண்ணி, உங்க நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு வெச்சுக்குங்க. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கணும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"சரி தம்பி. பூனையைத் தொடட்டுமா?"

"உங்க இஷ்டம். ஆனா பூனைக்குக் கீழே ஏதாவது தெரியுதா?"

"ஏதோ கறை மாதிரி..."

"கறை இல்ல அண்ணி, பாதம்! அதைத் தொட்டா நேரம் வாங்குற இடம் வரும்னு தோணுதா?"

"வருமோ?"

"பாத்தீங்களா, நீங்களாவே கண்டுபிடிச்சிட்டீங்க!"

இப்படியே நண்பர், நண்பரின் அப்பா, பக்கத்து வீட்டுத் தையற்காரர் என்று சோதித்தவரெல்லாம் தேறினார்கள். பரீட்சைத் தாளை வாங்கித் தாமே எழுதித் தருகிற வாத்தியார் வாய்த்தால் எந்தப் பிள்ளை தோற்கும்?

பக்கம் நடைமுறைக்கு வந்தது. டாக்டரின் தொலைபேசி மட்டும் முன்போலவே அலறியது. "ஜனங்களுக்குப் பழக்கம் விடல," என்றார் நம்மவர்.

ஒரு மாலை அண்ணியின் நாய் காலுறை ஒன்றை விழுங்கிவிட்டு, வாயில் நுரை தள்ளிச் சுருண்டு கிடந்தது. டாக்டரின் தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை. அண்ணி பக்கத்தைத் திறந்தார். பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பூனையைத் தொட்டார். அதன் காதை, வாலை, சுற்றியிருந்த வெள்ளையை எல்லாம் தொட்டார். அவசரத்தில் சுவடு கண்ணிலேயே படவில்லை. நம்மவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொரு பயனரிடம் கருத்துக் 'கேட்டுக்கொண்டிருந்ததால்' அழைப்பைத் துண்டித்தார். கடைசியில் அண்ணி நாயைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு தாமே ஓட்டிப் போனார்.

காலுறை வெளியே வந்தது. நாய் பிழைத்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர்.

செய்தி கேட்டு ஓடிய நம்மவர், மருத்துவமனை வாசலில் நின்று மன்னிப்பா கேட்டார்?

"அண்ணி, பாதம் இருந்துச்சே! அன்னிக்குச் சரியாப் பண்ணீங்களே?"

அண்ணி சட்டையில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அன்னிக்குப் பண்ணது நீங்க தம்பி. விரல் மட்டும்தான் என்னோடது."

அவர் கத்தியிருந்தால் தேவலை. மறுநாள் நம்மவர் சோதனைப் பதிவுகளைப் போட்டுக் கேட்டார். அடுத்த அறையிலிருந்து மனைவி, "யாரோட பிரசங்கம் இது?" என்றார்.

அடுத்து ஒரு புத்தகக்கடை முதலாளியிடம் சோதனை. நம்மவர் வேலையைச் சொன்னார், மைக்கை அணைத்தார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முதலாளியின் அம்புக்குறி பூனையைச் சுற்றியது, மூலைக்குப் போனது, சுவட்டுக்கு மயிரிழை தூரத்தில் வந்து நின்றது, திரும்பிப் பூனையிடமே போனது. நம்மவர் குனிந்து மடியிலிருந்த தலையணையைக் கடித்தார். அப்போது முதலாளி தமக்குத் தாமே சொன்னார்: "எனக்கு இதெல்லாம் வராது. என் தப்புதான். யாராவது வந்தா கேட்டுக்கலாம்."

"உங்க தப்பில்ல ஐயா!" என்று கத்தினார் நம்மவர். மைக் அணைந்திருந்தது.

அன்றே பாதத்தை எடுத்துவிட்டு, திரையின் பாதி அகலத்துக்கு ஒரு பட்டன் வைத்தார்: 'டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க'. பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் டாக்டரின் தொலைபேசி ஓய்ந்தது. அண்ணி நாய்க்குத் தடுப்பூசி போட நேரம் வாங்கினார், யாரையும் கேட்காமல்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? காப்பீட்டை விட்டுவிட்டு, இப்போது புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு மௌனத்தின் மகிமையைப் பற்றி வகுப்பெடுக்கிறார். மூச்சு விடாமல் பேசுகிறார். யாரும் குறுக்கே ஒரு கேள்வி கேட்க முடியாது.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. போன வாரம் உங்கள் அம்மா ஒரு படத்தை அனுப்பத் தெரியாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, "இப்படிக் குடும்மா" என்று பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, "அவ்ளோதான், புரிஞ்சுதா?" என்று கேட்டது யார்?

புரிந்தது என்றுதான் அம்மா சொன்னாள். நீங்களும் நம்பிவிட்டீர்கள்.